தகரக் கூரையின் கீழ் எத்தனை டிகிரி?

கோடைக்காலத்தில் மாலைச் செய்தியின் முடிவில் வானிலை அறிக்கையைக் கேட்டிருப்பீர்கள். திருத்தணியிலும் வேலூரிலும் வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது என்று அறிவிப்பார்கள். அந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், காற்று தாராளமாகப் புகும்படி சாய்வுப் பலகைகள் பொருத்தி, வெள்ளை வண்ணம் பூசிய ஒரு மரப்பெட்டிக்குள் வெப்பமானி தொங்குகிறது. இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வெயிலும் சுடுதரையின் கதிர்வீச்சும் படாமல், காற்றின் வெப்பநிலையை மட்டும் அறிய வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு. ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் மனிதர் எவரும் குடியிருப்பதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலநிலை மாற்றத்திலிருந்து நகரத்து ஏழைகளைக் காப்பது எப்படி என்று நம் மாநிலத்தில் இன்று பல திட்டங்கள் எழுதப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது, சென்னை மாநகராட்சி 2023 ஜூன் மாதம் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம். சி-40 என்னும் உலக நகரங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து அதைத் தயாரித்தார்கள். 2050-ஆம் ஆண்டுக்குள் நகரின் நிகரக் கரிம வெளியீட்டைப் பூச்சியமாக்குவது அதன் குறிக்கோள். மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, கழிவு, வெள்ளமும் நீர்ப்பற்றாக்குறையும், எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்களும் நலவாழ்வும் என ஆறு துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மாநகராட்சி இவ்வளவு தொலைநோக்கோடு எழுதியதைப் பாராட்டவே வேண்டும்.

எனினும், இந்தப் பிரிவினையிலேயே எனக்கொரு குறை தென்படுகிறது. ஏழை மக்கள் ஆறாவது துறை அல்லர். மற்ற ஐந்து துறைகளுக்கும் உரைகல் அவர்கள்தாம். கட்டடம் என்றால் எவருடைய கட்டடம்? குளிர்பதனப் பெட்டியின் மின்செலவைக் குறைப்பது ஒரு வேலை. ஒரே ஒரு மின்விசிறி உள்ள அறையை வாழத் தகுந்ததாக்குவது முற்றிலும் வேறு வேலை. இரண்டுக்கும் 'கட்டடங்கள்' என்ற ஒரே தலைப்புப் போதாது.

அந்த அறையைச் சற்று இயற்பியல் கண்கொண்டு பார்ப்போம். நான் குடியிருக்கும் திருப்பாச்சூரிலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை சென்றால், தொழிலாளர்க்கு வாடகைக்கு விடும் சிமெண்ட் அட்டைக் கூரை அறைகளை வரிசை வரிசையாகக் காணலாம். நிலைவாசலில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின் மேல் ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பழுப்பேறிய அட்டையோ துருப்பிடித்த தகரமோ அதில் பெரும்பகுதியை உட்கவர்ந்து கொள்கிறது. கூரையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியசை எட்டுவது வியப்பன்று.

இனி ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியை நினைவுகூருங்கள். ஒரு பரப்பு வீசும் கதிர்வீச்சு, அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 65 டிகிரி என்பது 338 கெல்வின். கூரையின் உமிழ்திறனை 0.9 என்று கொண்டால், அதன் அடிப்பரப்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 665 வாட் கதிர்வீச்சைக் கீழே அனுப்பும். 35 டிகிரியில் உள்ள நம் தோல் திருப்பி அனுப்புவது 460 வாட் அளவே. மிச்சம் 200 வாட்டுக்கு மேல். கூரைக்கு நேர் கீழே படுத்திருப்பவரின் உடலில் அரைச் சதுர மீட்டர் பரப்பு கூரையை நோக்கி இருப்பதாகக் கொண்டால், அவர் 100 வாட் வெப்பத்தைப் பெறுகிறார். சும்மா இருக்கும் மனித உடல் தானாக உண்டாக்கும் வெப்பமும் ஏறத்தாழ 100 வாட்தான்! ஆக, அவர் இரண்டு பேருடைய வெப்பத்தை ஒரே தோலின் வழியாக வெளியேற்றியாக வேண்டும்.

இது தோராயக் கணக்கு. சுவர், தரை, காற்று இவற்றையெல்லாம் நான் சேர்க்கவில்லை. ஆயினும் ஒன்று விளங்கும். அறைக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டு, "காற்று 38 டிகிரிதான்" என்று சொன்னால், இந்த 100 வாட் அந்த எண்ணில் முழுமையாகத் தெரியாது.

இப்போது அதே கூரைக்கு வெள்ளையடித்து, வெப்பநிலை 45 டிகிரியாகக் குறைந்தது என்று கொள்வோம். அதாவது 318 கெல்வின். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிச்சம் சதுர மீட்டருக்கு 60 வாட்டை ஒட்டி நிற்கும். கூரையின் வெப்பநிலை 20 டிகிரி இறங்க, உடல்மீது விழும் சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 

வெள்ளைக் கூரை புதிய கண்டுபிடிப்பன்று. நம் ஊரில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழக்கம். இந்தியாவில் முதன்முதலில் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத் நகரில், 2010-இல் வீசிய கொடிய வெப்ப அலைக்குப் பின் 2013-இல் அத்திட்டம் வந்தது. அங்கே குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்னும் அமைப்பு பெண்களைக் கொண்டே செயல்பட்டது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையில் தனியார் கட்டிய வீடுகளுக்கோ, அவரவர் விருப்பம். அட்டைக் கூரையின் கீழ் வாழ்வோர் எந்தக் கணக்கில் வருவர் என்று சொல்லத் தேவையில்லை.

விருப்பம் என்று விட்டுவிட்டால் நடக்காது. வாடகைக்கு இருப்பவர் பிறர் கூரைக்குச் செலவழிக்கமாட்டார். வீட்டுக்காரர் அந்தக் கூரையின் கீழ்த் தூங்குவதில்லை. சிமெண்ட் அட்டையில் கால் வைத்தால் உடைந்துவிடும். பலகை போட்டு ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடுமே என்று சிலர் கேட்பதுண்டு. கரையட்டும்! வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரில்தான் தொடங்குகிறது. பங்குனியில் அடித்த சுண்ணாம்பு, வேண்டிய மாதங்களில் இருந்துவிட்டு, வேண்டாதபோதுதான் போகும். தூசு படிந்தால் எதிரொளிப்புக் குறையும் என்பதும் உண்மையே. ஆகவே, ஆண்டுதோறும் உள்ளாட்சிகளே ஆளும் சுண்ணாம்பும் கொடுத்து அடித்துத் தருவதுதான் முறை. 2050-க்குக் காத்திருக்க வேண்டிய வேலையா இது?

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டு சென்றார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, மழைக்காலத்தில் நீர் தேங்கும் இன்னோர் இடத்திலேயே குடியேற்றினார்கள். வேலை செய்த இடமோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் 'தவறான தகவமைப்பு' பற்றி விரிவாக எச்சரித்திருக்கிறது. ஓர் ஆபத்தைக் குறைக்கப்போய் வேறோர் ஆபத்தைக் கூட்டுவது என்பதே அதன் பொருள். பாடப்புத்தகத்தில் எடுத்துக்காட்டு வேண்டுமானால் நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். சென்னைத் திட்டத்தின் வரைவு 2022 செப்டம்பரில் வெளிவந்தபோது, ஐந்தே ஆண்டுகளில் கடல்மட்டம் 7 சென்டிமீட்டர் உயர்ந்து, கரையில் 100 மீட்டர் மூழ்கும் அபாயம் உண்டு என்று நாளேடுகள் பெரிதாக எழுதின. 7 சென்டிமீட்டரை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 14 மில்லிமீட்டர். செயற்கைக்கோள்கள் காட்டும் உலகச் சராசரியோ இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டரைச் சுற்றியே உள்ளது. இடத்துக்கு இடம் வேறுபாடு இருக்கலாம். மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுவதாயின் அதற்கு விளக்கம் தேவை. அச்சமூட்டும் எண் பொய்த்தால், மெய்யான எண்ணையும் மக்கள் நம்பமாட்டார்கள். அந்த வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். பலர் கேட்ட பிறகே தமிழாக்கம் கிடைத்தது. கூரை எவருடையதோ அவருக்குப் புரியாத மொழியில் கருத்துக் கேட்பது என்ன முறையோ!

எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். திட்டம் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரிவாக்கியது. திருவள்ளூரும் அதற்குள் வந்துவிட்டது. மனைப்பிரிவுக்கு மட்டும் நாங்கள் பெருநகரம், வெப்பத்துக்கு வெளியூரா?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் ஆணையிட்டது. நல்ல முடிவு. ஆனால் சமவெளியில் 40 டிகிரியும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் இருந்தால் வெப்ப அலை என்னும் வரையறை, அந்த வெள்ளைப் பெட்டியின் கணக்கு. ஈரப்பதம் மிகுந்த நாளில் காற்று 37 டிகிரியில் நிற்க, அட்டைக் கூரையின் கீழ் வியர்வை உலராமல் ஒருவர் மயங்கி விழுந்தால், அன்று வெப்ப அலையே இல்லை என்று பதிவேடு சொல்லும்.

இதற்கு மாற்று அளவீடு இருக்கிறது. 1950-களில் அமெரிக்கப் படைவீரர் பயிற்சிக்காக உருவாக்கப்பட்டது. ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை என்று பெயர். மாணவர்கள் இதை எளிதில் அளக்கலாம். ஒரு மேசைப்பந்தாட்டப் பந்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி, துளையிட்டு, வெப்பமானியின் குமிழ் நடுவில் இருக்குமாறு செருகுங்கள். இன்னொரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, அதன் நுனியை நீரில் வையுங்கள். அறைக்குள் எனில், ஈரக்குமிழ் அளவை 0.7-ஆலும், கறுப்புப் பந்தின் அளவை 0.3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். தரமுறைக் கருவியில் கோளம் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. ஆகவே உங்கள் எண் சற்று மாறுபடும், ஒப்பிடுவதற்கு அது தடையன்று. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை, வெள்ளையடித்த கூரையின் கீழும் அடிக்காத கூரையின் கீழும் அரைமணிக்கு ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள். எந்த ஊர், எவ்வகைக் கூரை, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், உள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.