செம்பனியும் அதன் ஒட்டுண்ணியும்: அறிவியல் எழுத்தின் ஒரு குறைபாடு பற்றி

1818ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதி யோன் றொஸ், கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையோரத்திலே செந்நிறம் படிந்த வெண்பனிச் சரிவுகளைக் கண்டார். அவர் கொணர்ந்த மாதிரிகள் இலண்டனில் பெரும் விவாதத்தைக் கிளப்பின. விண்ணிலிருந்து வீழ்ந்த இரும்பே இந்நிறத்துக்குக் காரணம் என்று நாளிதழ் ஒன்று கூறிற்று. தாவரவியலாளர் றொபேட் பிறவுண் அதனை ஒருகலத் தாவரம் எனக் கொண்டார். நுணுக்குக்காட்டியில் அதனை ஆராய்ந்த பிரான்சிஸ் பௌவரோ அது ஒரு பங்கசு எனத் துணிந்து, ‘யூறெடோ நிவாலிஸ்’ எனப் பெயரிட்டார். பௌவரின் முடிபு பிழையாயிற்று. அவர் கண்டது அல்காவே என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆயினும், பங்கசு என்ற அந்தச் சொல் இரு நூற்றாண்டுகளின் பின் வேறொரு பொருளில் இவ்வாராய்ச்சியினுள் மீண்டும் நுழைந்துள்ளமை சிந்தனைக்குரியது.

செம்பனி பற்றி எழுதப்பட்டுள்ளவற்றை நோக்குமிடத்து மூன்று போக்குகளை நாம் இனங்காணலாம். முதலாவது வியப்பு. ‘இரத்தப் பனி’, ‘வத்தகைப்பழப் பனி’ என்னும் வழக்குகள் அதன் விளைவுகள். 2019இல் இவ்வல்காவுக்கு வழங்கப்பட்ட ‘சங்குயினா’ என்ற பேரினப் பெயரிலும் குருதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே உறைந்துள்ளது. இரண்டாவது வகைப்பாடு. மூன்றாவது, அண்மைக்காலத்தில் மேலோங்கியுள்ள குற்றச்சாட்டு. பனி உருகுவதற்கு அல்காவே காரணம் என்பது அதன் சாரம்.

இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று நாம் கூறவில்லை. இளவேனிலில் பனி உருகி நீர் கசியத் தொடங்கியதும் இவ்வல்காக்கள் பெருகுகின்றன. கடும் ஒளியினின்று தம்மைக் காத்துக்கொள்ளக் கலங்களில் செந்நிறப் பொருளைச் சேர்க்கின்றன. நிறமேறிய பனி கூடுதலான ஒளியை உறிஞ்சி விரைவில் உருகுகின்றது. உருகிய நீர் மேலும் அல்காக்கள் வளர வழிசெய்கின்றது. ஐரோப்பிய ஆட்டிக் பிரதேசத்துப் பனிக்கட்டியாறுகள் பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்று, ஓர் உருகற் பருவத்திலே செம்பனியால் ஒளித்தெறிப்பு நூற்றுக்கு 13 வீதம் குறையக்கூடும் என மதிப்பிட்டது. அலாஸ்காவின் ஹாடிங் பனிப்பரப்பில் நிகழ்த்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, அங்குள்ள வெண்பனி உருகலில் ஏறத்தாழ நூற்றுக்கு 17 வீதத்தை இந்நுண்ணுயிர்களுடன் தொடர்புபடுத்தியது.

இச்செய்தி முற்றிலும் புதியதுமன்று. 1870இல் கிறீன்லாந்துப் பனிப்படலத்தின்மீது பயணம் செய்த நோடன்ஷியெல்ட், அங்கு வளரும் கருநிற அல்கா பனியை உருக்கவல்லது என அன்றே உணர்ந்திருந்தார். அவருடன் சென்ற பெர்கிறென் அவ்வல்காவுக்கு அவர் பெயரையே சூட்டினார். அல்கா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. மாறியது வெப்பநிலை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் குவித்த கைத்தொழில் உலகமே அம்மாற்றத்துக்குப் பொறுப்பாகும். விளைவையும் அதனை விரைவுபடுத்தும் இடைக்காரணியையும் காட்டி, மூலகாரணத்தை மறைக்கும் எழுத்து, ஆசிரியர் கருதாவிடினும், ஒரு சமூகச் சார்பை உடையதாகின்றது. பொறுப்பு மனித சமூகத்தின் உற்பத்தி முறையிலிருந்து இயற்கையின்மீது மாற்றப்படுகின்றது.

இந்நிலையிலேதான் ஒட்டுண்ணிப் பங்கசு முக்கியத்துவம் பெறுகின்றது. கைற்றிரிட்டு எனப்படும் இவ்வகைப் பங்கசின் வித்தி ஒற்றைச் சவுக்குமுளையால் நீந்திச் சென்று அல்காக் கலத்தில் ஒட்டுகின்றது. மெல்லிய வேர்போன்ற இழைகளைக் கலத்தினுட் செலுத்தி, அதன் உணவை உறிஞ்சி, புதிய வித்திகளை வெளிவிடுகின்றது. அலாஸ்காவின் குல்கனா பனிக்கட்டியாற்றில் யப்பானிய ஆய்வாளர் நிகழ்த்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. பனிக்கட்டியின் திறந்த மேற்பரப்பைவிட, கருந்தூசு படிந்து உருகியதால் உண்டாகும் நீர்க்குழிகளிலேயே தொற்று மிகுதி என்பதை அது காட்டிற்று. நீந்தும் வித்திக்குத் தேங்கிய நீர் வாய்ப்பானது என்பதை எண்ணின் இது வியப்பன்று.

இதனை ‘பனியைக் காக்க வந்த பங்கசு’ என்று எழுதுவதற்கு அதிக காலம் செல்லாது என நாம் அஞ்சுகின்றோம். குற்றவாளியைத் தேடிய பேனா மீட்பரையும் தேடும். ஆனால், பனிப்பரப்பைக் கருமையாக்குபவை திறந்த மேற்பரப்பில் வாழும் அல்காக்களே. தொற்றோ குழிகளிலேயே மிகுந்துள்ளது. மேலும், ஒட்டுண்ணி தன் விருந்துவழங்கியைச் சார்ந்தே வாழ்வது. வெப்பமாகும் வளிமண்டலத்தின்மீது அதற்கு எவ்வித ஆட்சியும் இல்லை.

அவ்வாறாயின் இக்கண்டுபிடிப்பின் பெறுமதி யாது? அல்கா தனித்த ஒரு பொருளன்று. நீர், ஒளி, தூசு, பங்கசு என்பவற்றுடன் ஓயாத உறவில் இயங்குவது என்பதை அது உணர்த்துகின்றது. வானிலிருந்து நோக்கும் செய்மதி நிறத்தை மட்டுமே அளக்கும். தொற்றுண்ட கலத்தை எண்ணுவதற்கு நுணுக்குக்காட்டியின் முன் ஒருவர் பொறுமையுடன் அமரவேண்டும். செம்பனியின் பெருக்கத்தைக் கணிக்க முற்படும் மதிப்பீடுகள், அவ்வல்காக்களின் வளர்ச்சியை மட்டுமன்றி அவற்றின் அழிவையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

பௌவர் பங்கசைக் கண்டதாக எண்ணி அல்காவுக்குப் பெயரிட்டார். பின்வந்தோர் அல்காவைக் கண்டு நெடுங்காலம் பங்கசைக் காணாதிருந்தனர். தனிப்பொருளைத் தேடும் கண்ணுக்கு உறவுகள் புலப்படுவதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். அவ்வுறவுகளில் மனித சமூகத்தின் பங்கையும் சேர்த்தெழுதும்போதே செம்பனி பற்றிய எழுத்து முழுமையான அறிவியலாகும்.