ஊதுகிறவரின் வாயைப் பார்க்காதீர்கள்

சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற காலையில் வேடிக்கை பார்க்க நிற்கிறவர்களுக்குக் குறைவில்லை. வலை இன்னும் கடலுக்குள் கிடக்கும், ஒரு மீனும் கண்ணில் படாது. ஆனாலும் கயிறு இறுகுவதையும் தளர்வதையும் வைத்தே மடியில் என்ன வரும் என்று பந்தயம் பேசுவார்கள். அதே ஆட்களிடம் கண்ணாடி ஊதும் காட்சியைக் கைத்தொலைபேசியில் நீட்டினால் பத்து வினாடியில் விரலால் தள்ளிவிடுகிறார்கள். "பலூன் ஊதுற மாதிரித்தானே?" என்று கேள்வி வேறு. கயிற்றைப் பார்த்து மீனைச் சொல்கிறவருக்குக் கண்ணாடி பார்க்க வராது என்றால் யார் நம்புவது?

அடிப்படை மூன்று நிமிடப் பாடம்தான். மணல், சோடா, சுண்ணாம்பு சேர்ந்து உருகிய குழம்பு ஏறக்குறைய 1,100 பாகை செல்சியஸ் சூட்டில் உலைக்குள் கிடக்கும். ஒன்றரை மீற்றர் அளவான இரும்புக் குழலின் நுனியில் அதைச் சுற்றி எடுப்பார்கள். ஊதுவார்கள், ஆறினால் இன்னோர் உலைவாயில் காட்டிச் சூடேற்றுவார்கள், திரும்பவும் உருவம் கொடுப்பார்கள். அடிப்பக்கம் முடிந்ததும் அங்கே வேறொரு கம்பியை ஒட்டி, ஊதுகுழலைத் தட்டி விடுவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் வாய்ப்பக்கம் திறக்கும். கடைசியில் 500 பாகைக்குக் கிட்டிய சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு சொட்டு. குழலால் ஊதும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் பிறந்தது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும் மன்னாரின் மாந்தையிலும் கிடைத்த சின்னஞ்சிறு மணிகள் ஊதியவை அல்ல. நீளமாக இழுத்த கண்ணாடிக் குழாயைத் துண்டு போட்டுச் செய்தவை. திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த இழுப்பு வித்தை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்ததை ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். தமிழன் ஊதாத கண்ணாடியா என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஊதலுக்கும் இழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை விசாரித்துவிட்டு முழங்கட்டும்.

இனி உண்மையான விஷயம். கண்ணாடிக் கலைஞர்களில் இரண்டு சாதி உண்டு: கருவிக்கைக்காரர், சூட்டுக்கைக்காரர். எந்தப் பாடநூலிலும் இந்தப் பிரிவு இருக்காது. ஆனால் அரைமணி நேரம் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கருவிக்கைக்காரர் கண்ணாடியை அமுக்குகிறார். இடுக்கியை வைத்து நெருக்குகிறார், தட்டுகிறார், வளைக்கிறார். ஒவ்வொரு தொடுகையும் இரும்பின் குளிரைக் கண்ணாடிக்குள் இறக்குகிறது. மேற்பரப்பில் மெல்லிய சுருக்கங்கள் விழுகின்றன. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேலையாகத் தோன்றும், கைதட்டலும் விழும்.

சூட்டுக்கைக்காரர் எங்கே எவ்வளவு சூடு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார். மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், தடித்த இடம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இதை வைத்தே ஆட்டம். குழலைக் கீழே தொங்கவிட்டால் கண்ணாடி நீளும். மேலே தூக்கினால் தன் பாரத்தில் அமர்ந்து பரக்கும். வேகமாகச் சுழற்றினால் வாய் தானே விரியும். பழைய இங்கிலாந்தில் ஜன்னல் கண்ணாடியையே இப்படித்தான் செய்தார்கள். ஊதிய உருண்டையைக் கம்பிக்கு மாற்றி, திறந்து, சூடேற்றிச் சுழற்ற, அது ஒரு மூச்சில் பெரிய வட்டத்தகடாக விரிந்துவிடும். நடுவில் கம்பி ஒட்டியிருந்த இடம் மட்டும் கண் போலத் தடித்து நிற்கும். அந்த விரிவில் இடுக்கிக்கு வேலையே இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பனம்பாணியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஈர்க்கில் ஒன்றில் சுற்றி எடுங்கள். சுழற்றுகிற வரைக்கும் நிற்கும். ஒரு கணம் நிறுத்தினால் ஒருபக்கமாக வழியும். கரண்டியால் சரிசெய்யப் போனால் இன்னும் கெடும். சுழற்றித்தான் திருத்த முடியும். குசினியில் நிற்கிற எந்த அம்மாவுக்கும் இது தெரியும். கலை விமர்சகர்கள் பலருக்குத் தெரியாது.

ஈர மரக்கரண்டியும், கையில் வைத்திருக்கும் நனைந்த பத்திரிகைத் தாள் மடிப்பும் கருவிகள்தானே என்று கேட்கலாம். நியாயம். ஆனால் ஈரம் ஆவியாகி இடையில் ஒரு மெத்தை விரிக்கிறது, கண்ணாடி அதன்மேல் வழுக்குகிறது. அதனால் அவற்றைச் சூட்டுக்கையோடு சேர்ப்பதே முறை. இடுக்கியும் தேவைதான், குழலை ஒட்டிய கழுத்தை அதனால்தான் ஒடுக்குகிறார்கள், அந்த இடத்தில்தான் பிறகு உடையும். இடுக்கியை எடுப்பதில் குற்றமில்லை. அடிக்கடி எடுக்கிறவரைத்தான் நம்பக்கூடாது.

மேலோட்டமான ரசனை இரண்டு வகை. முதலாவது நிற மயக்கம். நாலு நிறம் சுழன்றால் வாய் பிளக்கும் கூட்டம் அது. இரண்டாவது வேகப்படுத்திய காணொளி. சூடேற்றும் நேரத்தை வெட்டியெறிந்தால் மிஞ்சுவது கரைவலையில் மடி கரையேறும் கடைசி நிமிடம் மட்டும்தான். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'புளோன் அவே' என்ற கண்ணாடி ஊதும் போட்டியும் கடிகாரத்தைக் காட்டிய அளவுக்கு உலைவாயைக் காட்டவில்லை.

அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி தானே ஊதுவதில்லை என்று குறை சொல்லும் விமர்சகர்கள் வேறு. 1976இல் விபத்தில் அவருக்கு இடக்கண் பார்வை போனது. 1979இல் தோள் விலகிய பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு, குழுவை நடத்துகிறவரானார். நட்டுவனார் ஆடவில்லையே என்று யாராவது சண்டைக்குப் போவார்களா? அவரை விமர்சிக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நிற மயக்கத்துக்குத் தீனி போட்டவர்களில் அவருக்கே முதலிடம்.

ஒரு சங்கதி, காதோடு. சூட்டுக்கையைப் பார்க்க ஆசைப்பட்டால் லீனோ தால்யாபியெத்ராவின் பழைய பதிவுகளைத் தேடுங்கள். 1934இல் வெனிஸுக்கு அருகே முரானோத் தீவில் பிறந்தவர். 1979இல் அமெரிக்காவின் பில்சக் பள்ளிக்குப் போய், தீவு நூற்றாண்டுகளாகப் பொத்திவைத்த வித்தையை அந்நியருக்குக் கற்பித்தார். அவர் சும்மா இருப்பதுபோலத் தோன்றும் நிமிடங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் சல்லிக்காரரின் ரொறன்ரோ உறவுகள். ஊரிலிருந்து வருகிறவர்களை நயாகராவுக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கார்ப் பயணமாக மூன்று மணி நேரத்தில் நியூயோர்க் மாநிலத்துக் கோர்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய ஸ்டூபன் கண்ணாடித் தொழிற்சாலைக் கட்டடத்தில் 500 பேர் அமர்ந்து பார்க்கும் உலைக்கூடம் 2015இல் திறந்தது. கலைஞர்கள் வேலை செய்வதை இணையத்தில் நேரலையாகவும் காட்டுகிறார்கள், சல்லியிலிருந்தே பார்க்கலாம்.

போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள். வலக்கைக்காரக் கலைஞர் இருக்கையில் அமர்ந்து இடது உள்ளங்கையால் குழலை உருட்டுவார்; கண்ணாடி அவருடைய வலப்பக்கம் இருக்கும். எதிரே இருக்கிற உங்களுக்கு அது இடப்பக்கம். அந்தப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள்.