மிதி, திருப்பு, இறங்கு!

பிக்கப் வண்டிக்காக இதுவரை நான் செய்த செலவுகளில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் டேஷ்போர்டுக்குக் கீழே கையைக் காட்டுவேன். அங்கே இருக்கிறது பிரேக் லைன் லாக். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கட்டி, மேலே ஒரு லீவர், பைப் மாட்ட இரண்டு பக்கமும் துளை. அவ்வளவுதான் சாமான். பாட்டுப்பெட்டி போட்டேன், சீட் கவர் மாற்றினேன், கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கும் வைத்தேன். எதுவும் இதன் கால் தூசு பெறாது!

தாம்பரம் பக்கம் எல்லாம் சமதரைதானே என்பவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டை மட்டும் பார்த்தவர்கள். உள்ளே திரும்பிப் பாருங்கள். திரிசூலம் மலையடித் தெருக்கள், பல்லாவரத்தில் குன்றை ஒட்டிய சந்துகள், குரோம்பேட்டை பச்சைமலைப் பக்கம், திருநீர்மலை அடிவாரம் என்று மேடும் சரிவும் ஏராளம். அங்கேதான் நான் தண்ணீர் கேன் போடுகிறேன். 20 லிட்டர் கேன் 50 ஏற்றினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். நிறுத்து, இரண்டு கேன் இறக்கு, நாலு வீடு தள்ளிப் போ, மறுபடி நிறுத்து. காலையிலிருந்து மதியம் வரை இதே பாடுதான்.

ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது என்பீர்கள். அது கேபிளை இழுத்துப் பின்சக்கர டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். வண்டி ஓட ஓடக் கேபிள் நீளும், லைனிங் தேயும், லீவர் மேலே மேலே ஏறும். வண்டியும் சரக்குமாக இரண்டு டன்னுக்கு மேல் மேட்டில் நிற்கும்போது அந்த ஒற்றைக் கேபிளை நம்பி இறங்க எனக்கு மனசு வராது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹெல்பர் தம்பி கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவன் வைக்கும்வரை என் வலது கால் பிரேக்கிலேயே கிடக்கும்.

லாக்குக்குள் இருப்பது ஒருவழி வால்வு. லீவர் திறந்திருந்தால் பிரேக் ஆயில் வழக்கம்போலப் போய்வரும். நடுவில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லீவரைத் திருப்பினால் ஆயில் சக்கரத்துக்குப் போகும், திரும்பி வராது. பெடலை அழுத்தி மிதித்து, லீவரைத் திருப்பி, காலை எடுத்துவிட்டால், மிதித்த அழுத்தம் காலிப்பரிலேயே சிறைப்பட்டு நிற்கும். கிளம்பும்போது பெடலை மிதித்துக்கொண்டு லீவரைப் பழையபடி திருப்ப வேண்டியதுதான்.

இந்த யோசனை பழசு. மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிரேக் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ‘ஹில் ஹோல்டர்’ 1936-லேயே அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கார்களில் வந்துவிட்டது. டிராக் ரேஸ்காரர்கள் முன்சக்கரத்தை இப்படிப் பூட்டிவிட்டுப் பின்டயரைப் புகையப் புகையச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். என் டீசல் வண்டியில் அதைச் செய்தால் புகைவது கிளட்ச் பிளேட்தான். ஆசைப்பட வேண்டாம்!

மாட்டிய கதைக்கு வருகிறேன். பைப், யூனியன் எல்லாம் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். தாம்பரம் மெக்கானிக் அண்ணன் முதலில் முகம் சுளித்தார். “தம்பி, பிரேக் பைப்பை அறுக்கச் சொல்றே. விளையாட்டு இல்ல இது.” லாக்கைக் கையில் கொடுத்தேன். லீவரைத் திருப்பி வாயால் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் காற்று போனது, மறுபக்கம் அடைத்தது. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “அட, போட்ருவோம்!”

பின் லைனில், பாரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்.எஸ்.பி.வி. வால்வு இருப்பதால் அந்தப் பக்கம் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் முன் லைனில், இரண்டு சக்கரத்துக்கும் பிரிவதற்கு முன்னால் லாக் உட்கார்ந்தது. பின்னால் ஹேண்ட்பிரேக், முன்னால் இது. நான்கு சக்கரமும் கட்டுக்குள். செம்புப் பைப் கூடாது, 4.75 மில்லிமீட்டர் ஸ்டீல் பைப்தான் என்பதில் கறாராக இருந்தார். நுனியை டபுள் பிளேர் அடித்த நேர்த்தியை நாள் முழுக்க நின்று பார்க்கலாம்; தங்க வேலைக்காரர் தோற்றார். ஷெட் பையன் ஆர்வத்தில் டெஃப்லான் டேப்பைக் கொண்டுவர, அண்ணன் முறைத்த முறையில் அப்படியே திரும்பிவிட்டான். பிரேக் யூனியன் உலோகத்தோடு உலோகம் அழுந்தித்தான் அடைக்க வேண்டும். டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வின் கதி அதோகதி.

பிறகு ஏர் எடுக்கிற படலம். லீவர் திறந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். “மிதி... புடி... விடாத!” என்று வண்டிக்கடியிலிருந்து குரல் வர, நான் மிதிக்க, குமிழி அடங்கும்வரை புது டாட் 4 ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒவ்வொரு யூனியனிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பெடலை அழுத்திப் பிடித்தோம். எதுவும் நனையவில்லை. பெடல் கல் மாதிரி நின்றது.

பச்சைமலைப் பக்கச் சரிவில், முழு லோடோடு, கட்டையை டயரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்துச் சோதித்தேன். மிதித்தேன், திருப்பினேன், காலை எடுத்தேன். அசையவில்லை! கேன் இறக்கும்போது வண்டி குலுங்கியதே தவிர ஒரு விரற்கடை நகரவில்லை. “அண்ணே, இனிமே கட்டை வேணாமா?” என்றான் தம்பி.

கட்டை வேண்டும். ஹேண்ட்பிரேக்கும் வேண்டும். இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பூட்டி வைத்த அழுத்தம் நிரந்தரம் அல்ல. ஓடிச் சூடான பிரேக் ஆயில், வண்டி நின்றபின் ஆறும்போது சுருங்கும், அழுத்தம் இறங்கும். ஏதாவது ஒரு சீல் கசிந்தாலும் அதே கதைதான். பார்க்கிங் பிரேக் இயந்திரப் பிடியாகவே இருக்க வேண்டும் என்று விதி வைத்ததற்குக் காரணம் இதுதான். ஆளில்லாமல் நிறுத்தும் வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவும் சொல்கிறது. லைன் லாக், ஆள் பக்கத்தில் இருக்கும் சில நிமிட நிறுத்தத்துக்கான துணை. ராத்திரி வண்டியை விட்டுவிட்டுத் தூங்கப் போவதற்கு அல்ல.

ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகளில் கை வைக்காதீர்கள். மற்றவர்களும் பைப்பை அறுக்கும் முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எஃப்.சி. நேரத்தில் தலைவலி மிச்சம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு, சரிவுத் தெருவில் சரக்கு இறக்குகிறவர்கள் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒன்று மாட்டிவிடுங்கள்.