எரித்தவர் நினைவும் எரிந்தவர் நினைவும்

நகரங்கள் தீக்கிரையாவது இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. நம் இலக்கண நூலார் அதற்கு இரண்டு இடங்களை வகுத்து வைத்துள்ளனர். பகைவர் நாட்டை எரியூட்டுதல், 'எரிபரந்தெடுத்தல்' என்னும் துறையாக வஞ்சித் திணையில் அடங்கும். அங்கே தீ, வென்ற வேந்தனின் புகழுக்கு ஒளி சேர்க்கிறது. இழந்தவர் புலம்பல் 'கையறுநிலை' எனப்படும். பட்டினப்பாலையில் கரிகாலன் பகைவர் ஊர்களைப் பாழாக்கிய காட்சி அவன் பெருமையின் ஒரு பகுதியாகவே வருகிறது. பறம்பை இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலோ கையறுநிலையாய் நின்று, இன்றும் நம் நெஞ்சைக் கரைக்கிறது. அழிவு ஒன்றே; சொல்பவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத் துறை மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து வீழ்ந்த குண்டுகளால் அழிந்த ஜெர்மானிய நகரங்களைப் பற்றிய நூல்களைப் பயில்வோர்க்கு இப்பகுப்பு நல்லதொரு கைவிளக்காகும்.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பேராசிரியராய்ப் பணியாற்றிய எழுத்தாளர் ஸெபால்ட், 1997-ஆம் ஆண்டில் ஜூரிச் நகரில் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 'வான்போரும் இலக்கியமும்' என்று பொருள்படும் தலைப்பில் அவை 1999-இல் நூலாயின. 131 நகரங்களும் ஊர்களும் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 6,00,000 குடிமக்கள் மாண்டனர், 75 லட்சம் பேர் வீடிழந்தனர் என்பது அவர் தரும் கணக்கு. இத்துணைப் பேரழிவு ஜெர்மானிய இலக்கியத்தில் ஏன் ஆழ்ந்த சுவடு பதிக்கவில்லை என்பதே அவர் எழுப்பும் வினா. எழுத்தாளர்கள் தம் பெயரைக் காத்துக் கொள்வதில் காட்டிய அக்கறையை, கண்ணெதிரே கண்டதைப் பதிவு செய்வதில் காட்டவில்லை என்பது அவர் சாட்டும் குற்றம்.

இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரம் தீப்புயலில் சிக்கியபோது 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் தங்கியிருந்த நோஸாக் என்னும் எழுத்தாளர் அதனைத் தொலைவிலிருந்து கண்டார். அவருடைய வீடும், பல்லாண்டுக் கையெழுத்துப் படிகளும் அதில் எரிந்து போயின. அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் கண்டதை எழுதி முடித்தார். 1948-இல் அது அச்சேறியது. கெர்ட் லெடிக் என்பார் 1956-இல் வெளியிட்ட புதினம், பெயர் சுட்டாத ஒரு நகரின்மேல் நிகழும் ஒரே தாக்குதலை, ஏறக்குறைய ஒரு மணிநேர நிகழ்ச்சியாகக் காட்டுகிறது. திறனாய்வாளர் அதனை வெறுத்து ஒதுக்கினர். 1999-இல்தான் அது மறுபதிப்புக் கண்டது. பின்னாளில், 1972-இல், நோபல் பரிசு பெற்ற ஹெய்ன்ரிச் போல், கொலோன் நகரின் இடிபாடுகளைக் களமாக்கி, போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே ஒரு புதினம் எழுதினார். பதிப்பகத்தார் அதனை ஏற்கவில்லை. அவர் 1985-இல் மறைந்த பின்னர், 1992-இல்தான் அது வெளிவந்தது.

ஆகவே, எழுதுவோர் இல்லாமற் போகவில்லை. கேட்போர் இல்லாமற் போயினர் என்பதே பொருந்தும். ஸெபால்ட் தம் நூலில் இப்படைப்புகளைக் குறிப்பிடவே செய்கிறார்; எனினும் அவற்றின் கதி உணர்த்தும் முடிவுக்கு அவர் போதிய இடம் தரவில்லை. வாசகர் ஏன் கேட்க மறுத்தனர்? வார்சாவையும் ராட்டர்டாமையும் காவெண்ட்ரியையும் குண்டு வீசி அழித்த நாடு, தன் நகரங்களுக்காக வாய்விட்டு அழ நாணியது. எரிபரந்தெடுத்தலைக் கொண்டாடிய நாவுக்குக் கையறுநிலை எளிதில் வாய்க்கவில்லை. அழுவதற்கு மாறாக அது செங்கல் அடுக்கியது. புதிய சுவர்கள் எழ எழப் பழைய பிணங்கள் பேச்சிலிருந்து மறைந்தன.

வென்றவர்க்கும் மறதி உண்டு. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் தலைவராயிருந்த ஆர்தர் ஹாரிஸுக்கு லண்டனில் 1992 மே 31-ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1942 மே 30-31 இரவில்தான் ஆயிரம் விமானங்கள் கொலோன் நகரைத் தாக்கின. அந்நகர மேயர் சிலைக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். திறப்பு விழாவிலேயே கண்டனக் குரல் எழுந்தது. கொலோன் எரிந்த கதையைக் கூறும் போலின் புதினம் வெளிவந்ததும் அவ்வாண்டே என்பது கருதத்தக்கது. ஒரு நாடு வெண்கலத்தில் வஞ்சி பாடிய ஆண்டில், மற்றொரு நாடு காலம் கடந்த கையறுநிலையைக் கையில் எடுத்தது.

வாய்மூடல் மறதியின் ஒரு முகம் என்றால், மிகைபடக் கூறல் அதன் மற்றொரு முகம். 1945 பிப்ரவரியில் அழிந்த டிரெஸ்டன் இதற்குச் சான்று. அங்கு இறந்தோர் தொகையை நாஜிப் பிரசாரம் பன்மடங்கு பெருக்கிக் கூறிற்று. போர்க்கைதியாய் அந்நகரில் இருந்து, இறைச்சிக் கூடத்தின் நிலவறையில் உயிர் தப்பிய அமெரிக்க எழுத்தாளர் வானகட், 1969-இல் எழுதிய புகழ்பெற்ற புதினத்தில் 1,35,000 என்ற எண்ணைக் கையாண்டார். அது டேவிட் இர்விங் 1963-இல் எழுதிய நூலிலிருந்து வந்த எண். அவர் வரலாற்றைத் திரித்தவர் என்று 2000-ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றறிஞர் குழுவோ, மிகுதியாகக் கொண்டாலும் 25,000 பேர் என்று 2010-இல் அறிவித்தது. இருபத்தையாயிரம் உயிர்கள் ஒரு நெஞ்சு உருகப் போதாவா? எண்ணைப் பெருக்குவோர் இறந்தவர்களுக்காக அழவில்லை; அவர்களைத் தம் வழக்குக்குச் சாட்சிகளாக இழுக்கின்றனர். தம்மவர் செய்த கொடுமையை எதிர்த்தட்டில் வைத்து நிறுத்துவதற்கே அவர்களுக்கு அந்த எடை தேவைப்படுகிறது.

எரிந்த நகரைப் பாடும் படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது? இரு பக்க உண்மையையும் அது தாங்குகிறதா என்பதே உரைகல் எனக் கொள்ளலாம். நோஸாக் தம் நகரின் சாம்பலில் நின்றும் பகைவரைப் பழிக்கவில்லை. லெடிக் கீழே வேகும் மக்களோடு, மேலே குண்டு வீசும் அமெரிக்க விமானிகளையும் மனிதராகவே காட்டினார். நாடுகள் தாமதமாகத்தான் இந்நிலைக்கு வருகின்றன. டிரெஸ்டனில் இடிந்து கிடந்த பெருங்கோயில் 2005-இல் மீண்டும் எழுந்தபோது, அதன் உச்சியில் நின்ற சிலுவையைச் செய்தவர் ஒரு லண்டன் பொற்கொல்லர். அவர் தந்தை அந்நகரைத் தாக்கிய விமானப் படையில் இருந்தவர்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் போர் வரலாற்றைப் படிக்கும்போது, எந்த நகரம் எரிந்தது என்பதோடு நிறுத்தாமல், சொல்பவர் எத்துறையில் நின்று சொல்கிறார் என்றும் வினவப் பழக்குவோமாக. வஞ்சியையும் கையறுநிலையையும் ஒரே தொகையில் காத்து வைத்த மொழி நம்முடையது. அவ்வினா நமக்கு எளிதாகவே வர வேண்டும்.