தி கோல் (நாவல்)

'தி கோல்' என்பது எலியாகு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸ் இருவரும் இணைந்து எழுதி 1984-இல் வெளியான ஆங்கில நாவல். கோல்ட்ராட் இசுரேலைச் சேர்ந்த இயற்பியலாளர். தொழிற்சாலையில் செய்யப்படும் ஒரு சீர்திருத்தம் உண்மையில் இலாபம் தந்ததா என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வியைக் கதையாகச் சொல்வதால், மேலாண்மை மாணவர்கள் இதனைப் பாடநூல் போலவே படிக்கின்றனர்.

கதைக்களம்

நட்டத்தில் ஓடும் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் அலெக்ஸ் ரோகோ. மூன்று மாதங்களில் நிலைமை மாறாவிட்டால் ஆலை மூடப்படும். ரோபோக்களை நிறுவியதால் ஒரு பிரிவில் உற்பத்தித்திறன் 36 சதவீதம் உயர்ந்ததாக அவர் பெருமைப்படுகிறார். அவருடைய பழைய ஆசிரியர் ஜோனா கேட்பது மூன்றே கேள்விகள்: கூடுதலாகப் பொருள் விற்றதா? ஆட்செலவு குறைந்ததா? சரக்கிருப்பு குறைந்ததா? மூன்றுக்கும் விடை 'இல்லை' என்பதே.

அளவீட்டு முறை

ஜோனாவின் கேள்விகளிலிருந்து மூன்று அளவுகோல்கள் உருவாகின்றன. விற்பனை வழியாகப் பணம் ஈட்டும் வேகம் 'த்ரூபுட்'. விற்கும் நோக்கில் வாங்கியவற்றில் முடங்கிய பணம் சரக்கிருப்பு. சரக்கைத் த்ரூபுட்டாக மாற்ற ஆகும் செலவு இயக்கச் செலவு. முதலாவது கூட வேண்டும். மற்ற இரண்டும் குறைய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் இயந்திரம் மணிக்கு 100 உதிரிபாகங்கள் செய்கிறது. அடுத்த இயந்திரத்தால் 80-க்கு மேல் செய்ய இயலாது. முதல் இயந்திரத்தை 136 ஆக உயர்த்தினாலும் வெளியே போவது 80 தான். மீதம் வழியில் குவியும். வேலைப்பளுவுக்கு ஈடுகொடுக்க முடியாத அந்த இரண்டாவது இயந்திரமே 'பாட்டில்நெக்'. ஒரு பாகத்துக்கான அடக்கவிலையை மட்டும் பார்க்கும் கணக்கு இந்தக் குவியலைக் காட்டாது. இதை எளிய மனிதரும் உணரும்படி சொன்னதே நாவலின் பெரிய வெற்றி.

விமரிசனம்

நாவலில் பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. பாட்டில்நெக்காக இருக்கும் என்சிஎக்ஸ்-10 இயந்திரத்தின் ஒரு மணி நேர மதிப்பு, ஆலையின் கணக்குப்படி 32.50 டாலர். ஜோனாவோ ஆலையின் மாத இயக்கச் செலவான 16 லட்சம் டாலரை, அந்த இயந்திரம் மாதத்தில் ஓடக்கூடிய 585 மணியால் வகுத்து 2,735 டாலர் என்கிறார். உணவு இடைவேளையில் இயந்திரம் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்த எண் அதிர்ச்சியோடு உணர்த்துகிறது.

ஆனால் கணக்கு முழுமையானதன்று. இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றாலும் சம்பளமும் வாடகையும் போய்விடுவதில்லை. அவை எப்படியும் கொடுக்க வேண்டியவை. உண்மையில் கைவிட்டுப் போவது, அந்த மணியில் கிடைத்திருக்க வேண்டிய த்ரூபுட். இலாபத்தில் ஓடும் ஆலையில் அது 2,735-ஐவிடக் கூடும். நட்டத்தில் ஓடும் ஆலையில் குறையும். த்ரூபுட்டே முதன்மை என்று கற்பிக்கும் நூல், முக்கியமான இடத்தில் செலவை வைத்தே வகுத்துக் காட்டுகிறது. மேலும், செய்ததெல்லாம் விற்கும் அளவுக்கு ஆர்டர் இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும்.

இன்னொரு குறை, சீர்திருத்தத்தின் செலவைப் பற்றியது. தரச் சோதனையைப் பாட்டில்நெக்குக்கு முன்னே நகர்த்துதல், வெப்பப் பதப்படுத்தும் உலைக்குத் தனி ஆள் நிறுத்துதல், பழைய இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவருதல் என, ரோகோ செய்பவை பெரும்பாலும் அதிகப் பணம் கேட்காதவை. பெரும் முதலீடு தேவைப்படும்போது அது எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை. தொழிலாளர் பயிற்சி, பராமரிப்பு போன்றவற்றின் பலன் மூன்று மாதக் கெடுவுக்குள் தெரியாது.

மதிப்பீடு

கதை என்பதால் முடிவை ஆசிரியர்களே தீர்மானிக்கின்றனர். அதைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் தவறான அளவுகோல் ஒரு நல்ல ஆலையை மூட வைத்து, பலருடைய பிழைப்பைப் பறிக்கக்கூடும் என்பதை இந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. மாணவர்கள் ஜோனாவின் மூன்று கேள்விகளை மனத்தில் கொள்ளலாம். 2,735 என்ற எண்ணை மட்டும் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஏற்பது நல்லது.