ஐந்தாவது பெண்

2023 நவம்பர் 18 அன்று, வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகேயுள்ள பனோரமா பண்ணையின் புல்மேடுகளில், அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான கிராஸ் கன்ட்ரி இறுதிப் போட்டி நடந்தது. ஆறு கிலோமீட்டரை 19 நிமிடத்துக்குள் ஓடி முதலில் வந்தவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பார்க்கர் வால்பி. அணிக் கோப்பை அவருடைய பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கவில்லை. அதை நார்த் கரோலைனா ஸ்டேட் 123 புள்ளிகளுடன் வென்றது. நார்தர்ன் அரிசோனா 124 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. இந்த விளையாட்டில் புள்ளி குறைந்த அணிதான் ஜெயிக்கும்.

கணக்கு எளிது. ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவார்கள். அணிகளுக்காக ஓடுபவர்களுக்குள் எத்தனையாவது இடமோ அத்தனை புள்ளி. முதல் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் அணியின் எண் வந்துவிடும். ஆறாவது, ஏழாவது பெண்களின் இடங்கள் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது பெண்ணை முந்திவிட்டால் அந்த அணியின் எண் ஏறும். 2023இல் நார்தர்ன் அரிசோனாவின் ஐவரில் ஒருத்தி, நார்த் கரோலைனாவின் ஐவரில் ஒருத்தியை, ஒரே ஒருத்தியை, கடைசி நூறு மீட்டரில் முந்தியிருந்தால் 123ம் 124ம் இடம் மாறியிருக்கும், கோப்பையும் மாறியிருக்கும்.

விளையாட்டு விதிகளில் இவ்வளவு நியாயமான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. இதே பெண்கள் ஓடும் தடகள இறுதிப் போட்டிகளில் முதல் எட்டுப் பேருக்குத்தான் புள்ளி; ஒன்பதாவதாக வந்தவள் அணிக்கு எதுவும் தரவில்லை என்றுதான் ஏட்டில் பதிவாகும். கிராஸ் கன்ட்ரியில் 31 அணிகளும் தனியாகத் தகுதி பெற்ற 38 பேருமாக 255 பெண்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். நூறாவது இடத்துக்குப் போராடுபவளும் கோப்பைக்காகவே போராடுகிறாள். கூட்டம் அடர்ந்திருக்கும் நடுப்பகுதியில் ஒரு நொடி தளர்ந்தாலே பல இடங்கள் போய்விடும். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் முதல் பெண்ணுக்கும் ஐந்தாவது பெண்ணுக்கும் இடையிலுள்ள நேர இடைவெளியைத்தான் கவலையோடு பார்ப்பார்கள். ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே ஜெயிக்க முடியாது.

இத்தனை மதிப்புள்ள ஐந்தாவது பெண்ணை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு ஆண்டு முழுவதும் எப்படி நடத்துகிறது என்பதுதான் என் கேள்வி.

பருவம் செப்டம்பர் வாக்கில் தொடங்குகிறது. அக்டோபர் இறுதியில் தங்கள் கூட்டமைப்புக்குள் போட்டி, நவம்பர் நடுவில் ஒன்பது மண்டலப் போட்டிகள், அடுத்த வாரமே தேசிய இறுதி. மண்டலத்தில் முதல் இரண்டு அணிகளுக்கு நேரடித் தகுதி. மீதி 13 அணிகள் பருவ முடிவுகளை வைத்துத் தேர்வாகும். இது மட்டும் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிராஸ் கன்ட்ரி முடிந்ததும் அதே பெண்கள் குளிர்காலத்தில் உள்ளரங்கத் தடத்துக்குப் போகிறார்கள்; வசந்தத்தில் திறந்தவெளித் தடம், அது ஜூன் வரை நீளும். கோடையில் அடுத்த பருவத்துக்கான நெடுந்தூர ஓட்டம். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. உடல் தேறுவதற்கான மாதம் என்று எந்த விதியிலும் இல்லை.

இந்த ஓட்டம் நடப்பது 18 முதல் 22 வயதில். ஸ்டான்ஃபோர்டில் ஓடிய லாரன் ஃப்ளெஷ்மன் 2023இல் வெளியிட்ட தன் நூலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்: ஆணின் உடல் அந்த வயதில் ஓட்டத்துக்குச் சாதகமாக வளர்கிறது, பெண்ணின் உடல் முதிரும்போது வேகம் சில காலம் தேங்கலாம், பொறுத்தால் திரும்ப வரும். நான்கு ஆண்டுக் கல்லூரிக் கணக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. தேங்கிய வேகத்தை எடையைக் குறைத்து மீட்கப் பார்க்கிறார்கள். உண்பது செலவாகும் ஆற்றலுக்குப் போதாமல் போகும்போது மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், காலில் மயிரிழை முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ஒரு மருத்துவப் பெயரே கொடுத்து 2014இல் எச்சரித்தது. அதற்குப் பிறகும், 2021இல், ஓரிகன் பல்கலைக்கழக அணியில் ஓடிய பெண்கள் சிலர், கொழுப்பு விகிதத்தை அளக்கும் ஸ்கேன்களால் தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பை நாளிதழில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேதான் புள்ளி விதியின் மறுபக்கம் தெரிகிறது. ஐந்தாவது பெண் இன்றியமையாதவள் என்பதால், கால் வலிக்கிறது என்று அவளால் எளிதில் சொல்ல முடிவதில்லை. தான் நின்றால் தோழிகளின் பருவமே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை, பாசமே போதும். விதி நல்லதுதான். அதன் சுமையை அந்தப் பெண்ணின் மனச்சாட்சி மீது மட்டும் ஏற்றிவைத்தது பெரியவர்களின் தவறு.

தூரத்திலும் ஒரு கோணல். 1999 வரை தேசிய இறுதியில் பெண்களுக்கு 5 கிலோமீட்டர், 2000இலிருந்து 6. ஆண்களுக்கு 10. உலக கிராஸ் கன்ட்ரி போட்டி 2017இல் கம்பாலாவிலேயே இருபாலருக்கும் 10 என்று சமமாக்கிவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் 2024 இறுதிப் போட்டியிலும் பழைய வித்தியாசத்தையே வைத்திருந்தன. குறுகிய தூரம் வேகமான போட்டியைத் தருகிறது, 1,500 மீட்டர் ஓடுபவளும் அணிக்கு உதவ முடிகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. அது உண்மையானால் ஆண்களுக்கும் பொருந்துமே. இருவரையும் 8 கிலோமீட்டரில் நிறுத்துவதில் என்ன தடை இருக்கிறது?

இன்னொன்று, பட்டியலில் மட்டும் இருக்கும் பெண்கள். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் இல்லையென்றால் இந்த அணிகளில் பல பிறந்தே இருக்காது. ஆனால் வீராங்கனைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் அதே சட்டத்தின் கணக்கில் ஒரே பெண் கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கம், திறந்தவெளி என்று மூன்று வீராங்கனைகளாக எண்ணப்படலாம். சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிராஸ் கன்ட்ரிப் பட்டியலில் 71 பெண்கள் இருந்ததையும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 2009இல் ஒரு போட்டியில்கூட ஓடவில்லை என்பதையும் நியூயார்க் டைம்ஸ் 2011இல் வெளிக்கொணர்ந்தது. ஒவ்வொருத்தியின் இடத்தையும் எண்ணும் விளையாட்டில், ஓடாதவளை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது அவமதிப்பு.

கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. போலிப் பட்டியலுக்கு இது முடிவு கட்டும், நல்லது. ஆனால் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டு பின்னால் ஓடி, மூன்றாம் ஆண்டில் ஐந்தாவது இடத்துக்கு வருகிற பெண்ணுக்கும் கதவு குறுகிவிட்டது. ஆள் குறைந்த அணியில் காயத்தை மறைத்து ஓடும் நெருக்கடியும் கூடும். ஓடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத மருத்துவரிடம் இருக்க வேண்டும்; மூன்று பருவங்களில் ஒன்றை ஒரு பெண் உதவித்தொகையை இழக்காமல் விட்டுவிட உரிமை வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் 17 என்ற வரம்பை மட்டும் கொண்டுவந்தது அரைகுறை வேலை.