கவிதையாக்கத்தில் உடல்

ஆக்க இலக்கியத்தில் உருவம், உள்ளடக்கம் ஆகியவை பற்றித் தமிழ்த் திறனாய்வாளர் விரிவாகவே பேசியுள்ளனர். எழுதுவோனின் வர்க்கச் சார்பும் அநுபவமும் கற்பனையும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின், எழுதுவோனுக்கு மூச்சு விடுவதும் கால் பெயர்ப்பதுமான உடல் ஒன்று உண்டு என்பது மறக்கப்பட்டே வந்துள்ளது.

பழந்தமிழ் இலக்கணகாரர் இதை மறந்தவரல்லர். தொல்காப்பியம் மாத்திரைக்குக் கொண்ட அளவுகோல் கண்ணிமைப்பும் கைந்நொடியுமாகும். உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று ஒலியாகும் முறையைப் பிறப்பியல் விளக்குகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலிலே புலப்படுவதே மெய்ப்பாடு. அசை, அடி என்னும் யாப்புச் சொற்களும் அசைவையும் காலையும் நினைவூட்டுவன. (சொல்லை மட்டும் வைத்து வாதிடுவது ஆபத்தானது என்பதும் உண்மையே.)

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என்பன அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை வாய்விட்டுப் படிப்போர் ஓசை மாறுவதை உணர்வர். பந்தாட்டத்திலே சொற்கள் துள்ளுகின்றன. ஊசலிலே நீண்டு சென்று திரும்புகின்றன. துறவியெனப் போற்றப்படும் இளங்கோ உலக்கை பிடித்தவரல்லர். நெல் குற்றிய பெண்களின் கைகள் அறிந்திருந்ததை அவர் தம் செய்யுளுக்குக் கடன் வாங்கினார். திருப்பொற்சுண்ணமும் திருப்பொன்னூசலும் பாடிய மாணிக்கவாசகரும் அவ்வாறே செய்தார். கடன் கொடுத்த பெண்களின் பெயர்களோ எங்கும் இல்லை.

உழைப்பின் தாளத்திலிருந்து கவிதை பிறந்ததென வாதிட்டவர் ஜோர்ஜ் தொம்சன். பேர்மிங்ஹாமில் அவரிடம் ஆய்வு செய்த கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழியாக அவரது சிந்தனை ஈழத்துத் திறனாய்விலும் வேரூன்றியது. அதனாற் பெற்ற பயன் பெரிது. எனினும், அந்நோக்கு உடலைக் கவிதையின் தோற்றுவாயிலேயே நிறுத்திவிடுகிறது. ஆதிமனிதனுக்கு உடல் உண்டு. மேசைமுன் அமர்ந்து எழுதும் இன்றைய கவிஞனுக்கு வர்க்கம் மட்டுமே எஞ்சுகிறது.

இக்குறையை உணர்த்த ஈழத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பேராதனையில் வித்தியானந்தன் நெறிப்படுத்திய இராவணேசன் 1964 இல் மேடையேறியது. அதனை எழுதிய மௌனகுருவே இராவணனாகவும் ஆடினார். எழுதிய கையும் ஆடிய காலும் ஒருவருடையவையே. வடமோடிக் கூத்தில் ஆடுவோன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவர். அவ்வேளையிலேதான் அவன் ஆட்டத்தைத் தொடர்ந்து, மூச்சையும் மீட்டுக்கொள்கிறான். ஆடிக்கொண்டு பாடுபவனின் மூச்சுக்கு அடங்காத நீண்ட தொடர் அங்கே நிலைக்காது. அச்சிலே படிப்போனுக்குக் கூறியது கூறலாய்த் தோன்றுவது, களரியிலே கால்கள் எடுத்துக்கொள்ளும் நேரமாகும். இதை அறியாது கூத்துப் பாடல்களை ஏட்டை மட்டும் வைத்து மதிப்பிடுவோர், பாதியை மட்டுமே மதிப்பிடுகின்றனர்.

மஹாகவியின் கவிதைகளிற் பேச்சோசை அமைந்திருப்பது பலராலும் பாராட்டப்பட்டதே. அதனை வெறும் எளிமையென விளங்கிக்கொள்வது போதாது. பேசுபவன் எங்கே மூச்செடுக்கிறான், எங்கே தயங்குகிறான் என்பதை அவர் செவியால் அறிந்து, மரபு யாப்பினுள்ளேயே இருத்தினார். ஆகவே யாப்பைக் கைவிட்டதாற் புதுக்கவிதை கெட்டது என்பாரின் கூற்றும், யாப்பு உயிரோசைக்குப் பகை என்பாரின் கூற்றும் ஒருங்கே பொருந்தாதொழிகின்றன. யாப்பின்றியும் மூச்சறிந்து எழுதலாம். வெண்பாவிலும் மூச்சின்றி எழுதலாம். அத்தகைய வெண்பாக்களுக்கு மலர்களிற் பஞ்சமில்லை!

இன்று எழுதப்படும் புதுக்கவிதைகள் பலவற்றில் வரிகள் கண்ணுக்காகவே முறிக்கப்படுகின்றன. கவியரங்கிலே கவிஞர் எழுந்து நின்று வாசிக்கும்போது, தாளில் முறித்த வரிகளை அவருடைய மூச்சே மீண்டும் ஒட்டிவிடுகிறது. அவை எங்கே முறிந்திருந்தன என்பது கேட்போர் எவருக்கும் தெரிவதில்லை.